குருதியில் வருவதும் கூட நடந்து வருவதும்

மாசி மாதத்து முழுநிலவை ஒட்டி மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் சென்றவர்கள் அக்காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களிலிருந்தும் அவற்றுக்கு அப்பாலிருந்தும் இருளர் குடும்பங்கள் வந்திறங்கி, மணலில் குச்சிகளை நட்டு, சேலைகளைச் சுற்றிக் கட்டி, அந்தச் சேலைக் குடில்களுக்குள் இரவைக் கழிக்கின்றன. விடியும் வேளையில் அலையோரத்தில் கன்னியம்மனுக்கு வழிபாடு நடக்கிறது. பிறகு அதே மணலில் பிள்ளைகளுக்கு முடியிறக்குகிறார்கள், பெயர் சூட்டுகிறார்கள், பெண் பேசுகிறார்கள், தாலியும் கட்டுகிறார்கள். சற்றுத் தொலைவில் பல்லவர் எழுப்பிய கடற்கரைக் கோயில் நிற்கிறது. வந்திருக்கும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

அப்படியொரு மாசி மகத்தைக் கண்டு திரும்பிய இரவில்தான், உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்தை இரண்டாம் முறையாகப் பார்க்க நேர்ந்தது. பல்லவ இளவரசன் ஒருவனைப் பற்றிய படம் அது. மரபணுப் பொறியியலைப் பற்றிய படமும்கூட. முதன்முறை பார்த்தபோது சண்டைக் காட்சிகள் மட்டுமே நினைவில் நின்றன. இம்முறை, பகலில் கண்ட மக்கள் கண்ணை விட்டு அகலாதிருந்ததால், படத்தின் அடியில் ஓடும் எண்ணம் ஒன்று நெஞ்சை நெருடியது. அந்த நெருடலை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரை.

2011 தீபாவளிக்கு வெளிவந்த படத்தை இத்தனை ஆண்டுகள் கழித்து விமர்சிப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, ‘இதை அன்றே சொன்ன படம்’ என்று அதைப் பலரும் மீண்டும் தேடிப் பார்த்தார்கள். பங்கு இளையோருடன் உரையாடும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிட்டுகிறது. மரபணு என்ற சொல்லை எடுத்த மாத்திரத்தில் அவர்கள் நினைவுக்கு வருவது பாடப்புத்தகம் அன்று, சூர்யாவின் போதிதர்மர்தான். ஒரு தலைமுறைக்கு ஓர் அறிவியலை அறிமுகம் செய்துவைத்த படம் என்ற முறையில் அது கேளிக்கை என்று ஒதுக்கத்தக்கதன்று.

கதையை அறியாதவர் இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சியின் பல்லவ இளவரசர் போதிதர்மர் மருத்துவமும் வர்மமும் போர்க்கலையும் கற்றவர். சீன நாட்டுக்குச் சென்று, கொள்ளை நோயால் மடியும் கிராமத்தைக் குணப்படுத்துகிறார். தற்காப்புக் கலையைக் கற்றுத் தருகிறார். ஊர் திரும்ப விரும்பும்போது, அவருடைய உடல் தங்கள் மண்ணிலேயே புதைக்கப்பட்டால் நோய் அண்டாது என்று நம்பும் அம்மக்கள் உணவில் நஞ்சு கலந்து கொடுக்கிறார்கள். அவரும் அறிந்தே உண்கிறார். பின்னர் கதை இன்றைய சென்னைக்குத் தாவுகிறது. மரபணுப் பொறியியல் மாணவி சுபா, சர்க்கஸ் கலைஞன் அரவிந்த் போதிதர்மரின் வழித்தோன்றல் என்று கண்டறிகிறாள். அவனுடைய மரபணுவில் உறங்கிக் கிடக்கும் முன்னோரின் ஆற்றல்களை எழுப்பிவிட முடியும் என்பது அவளது ஆராய்ச்சி. அவளைக் கொல்லவும், நாய் ஒன்றின் வழியே நோயைப் பரப்பவும் சீனத்திலிருந்து ஒருவன் வருகிறான். இறுதியில் மரபணு விழிக்கிறது; வில்லன் வீழ்கிறான்.

இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸுக்கு உரிய பாராட்டைத் தராமல் மேலே செல்வது முறையன்று. தமிழ்த் திரையில் ஒரு பெண் ஆராய்ச்சியாளராக வந்து, தன் ஆய்வின் பொருட்டே உயிருக்கு அஞ்சி ஓடுவது அன்றும் அரிது, இன்றும் அரிது. நம் ஊரில் மறக்கப்பட்டவர் பிற நாட்டில் வணங்கப்படுகிறார் என்ற குறை உண்மையான குறைதான். முதல் இருபது நிமிடங்களில் கைவிடப்பட்ட சிறுமியைத் துறவி தேடிச் சென்று குணமாக்கும் பகுதி அழகானது. தொழுநோயாளரைத் தொட்டவரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது சட்டென்று புரிகிறது.

வரலாற்றில் படம் எடுத்துக்கொண்ட உரிமைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 547இல் தொகுக்கப்பட்ட சீன ஏடு ஒன்று போதிதர்மரைப் பாரசீகத்திலிருந்து வந்தவராகக் குறிக்கிறது. வேறொரு பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அவருக்கும் தற்காப்புக் கலைக்கும் முடிச்சுப் போடும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கதைக்கு இவ்வளவு போதும். கலைஞனுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்கலாம்.

அறிவியலில் எடுத்துக்கொண்ட உரிமையை அப்படி விட்டுவிட இயலவில்லை. ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர். பத்துத் தலைமுறை பின்னே சென்றால் 1,024 முன்னோர். இருபதில் பத்து இலட்சத்துக்கு மேல். முப்பதில் நூறு கோடியையும் தாண்டுகிறது. அன்றைய உலகில் அத்தனை பேர் வாழவே இல்லை. ஆகவே ஒரே முன்னோர் பல கிளைகளின் வழியே திரும்பத் திரும்ப வருகின்றனர் என்றுதான் பொருள். போதிதர்மருக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது தலைமுறைகள். துறவிக்கு வழித்தோன்றல் எப்படி என்ற வேடிக்கையை விட்டு, உடன்பிறந்தார் வழி என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை தொலைவில் இருக்கும் ஒரு முன்னோரிடமிருந்து ஒரு துணுக்கு மரபுப்பொருள்கூட இன்றைய ஒருவனிடம் எஞ்சாதிருப்பதே இயல்பு. எஞ்சினாலும், அது சர்க்கஸ் கலைஞன் ஒருவனிடம் மட்டும் கொத்தாக வந்து சேராது.

இதைவிட அடிப்படையான பிழை வேறு. மருத்துவத்தையும் தியானத்தையும் போதிதர்மர் கற்றார் என்று படமே சொல்கிறது. கற்றது மரபணுவில் எழுதப்படுவதில்லை. ஆகஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை எண்ணி, 1866இல் வெளியிட்ட கட்டுரையில்தான் மரபியல் தொடங்குகிறது. நெட்டைச் செடி, குட்டைச் செடி, பச்சை விதை, மஞ்சள் விதை என அவர் கண்டவையெல்லாம் செடியோடு பிறந்த பண்புகள். தோட்டக்காரர் ஒரு கொடியைக் கொம்பில் படரப் பழக்கினார் என்பதற்காக அதன் விதை பழகிய விதையாக முளைப்பதில்லை. கொல்லையில் அவரைப் பந்தல் போட்ட எவருக்கும் இது தெரியும்.

திரைப்படம்தானே, இதில் என்ன தீங்கு என்று நானும் நினைத்திருப்பேன், ஓர் இளையோர் கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து இப்படிக் கேட்காதிருந்தால்: “சார், பாம்பு பிடிக்கிறது இருளருங்களுக்கு இரத்தத்திலேயே இருக்குதுதானே? அந்த ஜீனையும் கண்டுபிடிச்சு எடுக்க முடியுமா?”

கேட்டவள் கள்ளமற்றவள். அவள் வீட்டாரும் ஊராரும் சொல்வதைப் படத்தோடு பொருத்திக் கேட்டாள், அவ்வளவே. ஆயினும் அக்கேள்விக்குள் நம் நாட்டின் பழைய நோய் முழுவதுமே அடங்கியிருக்கிறது. இன்னாருக்கு இன்ன தொழில் குருதியில் வருகிறது என்றால், இன்னாருக்கு அறிவும் இன்னாருக்கு அழுக்கும் குருதியில் வருகின்றன என்பது அடுத்த படி. அரசகுலத்தானின் ஆற்றல் ஆயிரத்தைந்நூறு ஆண்டு உறங்கி விழிக்குமென்றால், மற்றவனின் இழிவும் அப்படித்தான் உறங்கிக் கிடக்கும் என்று நம்புவதற்குத் தடை ஏது? சாதி என்பது இந்த நம்பிக்கையன்றி வேறென்ன? இதே படத்தில் இடஒதுக்கீட்டை ஊழலோடும் சிபாரிசோடும் ஒரே மூச்சில் சேர்த்துப் பழிக்கும் ஒரு வசனமும் உண்டு. அதற்கு அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அதைத் தற்செயலான சறுக்கல் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகுதி குருதியில் இருக்கிறது என்று நம்பும் கதைக்கு அந்த வசனம் இயல்பாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

நாம் பிறரைச் சுட்டுமுன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே திருப்பந்தியில் உணவருந்திய பின்னும், நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரைப் பிரித்த சுவர்கள் நின்றதை நாம் அறிவோம். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் மரபியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய மரபியல் ‘ஏழாம் அறிவு’ படத்தின் மரபியலே. உண்மையான மரபியல் சொல்வது வேறு. ஐதராபாத்திலுள்ள ஆய்வகமும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை தமக்குள் பரவலாகக் கலந்தே வாழ்ந்திருக்கின்றனர். அகமணக் கட்டுப்பாடு பின்னால் வந்தது. எவருடைய குருதியும் தனிக் குருதி அன்று.

மாணவியின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. பிறகொரு நாள் அதைத் தேடிக்கொண்டு வடநெம்மேலிக்குச் சென்றேன். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணையின் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பாம்புத் தோல் வாணிகத்துக்குப் பிடித்துக் கொடுத்துக் காலம் தள்ளியவர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் பிழைப்பற்றுப் போயினர். கொன்று தோலை விற்றவர்களே உயிருடன் பிடித்து நஞ்சை விற்கும் வழியைச் சங்கம் திறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமத்துடன் பிடித்து, மண்பானைகளில் வைத்துத் துணியால் வாய்கட்டி, வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை நஞ்சைக் கறக்கிறார்கள். பின்னர் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் இட்டுக் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பை மறுபடி பிடிப்பதில்லை. உலர்த்திப் பொடியாக்கிய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்பட்டு, குதிரையின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுமுறி மருந்தாகிறது. இந்தியாவில் செய்யப்படும் அம்மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாகக் கொடுத்து வந்தது இக்கடற்கரைச் சங்கம்தான்.

அங்கே முதியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “எத்தனை வயதில் இதைத் தொடங்கினீர்கள், பெரியவரே?” என்றேன்.

“அப்பா கூட நடந்து போவேன் சார். மொதல்ல பாம்பைக் காட்ட மாட்டாரு. தடத்தைத்தான் காட்டுவாரு. வளை வாயில மண்ணு எப்படி இருக்குது, உள்ளே போன தடமா வெளிய வந்த தடமான்னு கேப்பாரு. தப்பா சொன்னா திரும்பிப் பாக்காம நடந்துடுவாரு.”

“உங்கள் மகனும் வருகிறாரா?”

அவர் சிரித்தார். “அவன் வேன் ஓட்டுறான் சார். பாம்புன்னா பயம் அவனுக்கு.”

மாணவிக்கு உரிய விடை அந்தச் சிரிப்பில் இருந்தது. இன்னொரு சான்றும் உண்டு. 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை, கருவிகளோடு திணறிக்கொண்டிருந்தவர்கள் வியக்கும்படி, தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாம்பு செங்கல்பட்டுக் காடுகளில் இல்லாதது; அந்தச் சதுப்பு நிலத்தை அவர்களுடைய முன்னோர் எவரும் கண்டதில்லை. குருதியிலிருந்து எதை எழுப்பிப் பிடித்திருப்பார்கள்? மண்ணைப் பார்க்கவும், பார்த்ததைக் கோத்து எண்ணவும் கற்றிருந்தார்கள். அறிவியல் என்று நாம் போற்றுவதும் அதையே அன்றோ?

அப்படியாயின் குருதியில் வருவது ஒன்றுமில்லையா? உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் உயிரணுப் பண்பைக் கண்டறிந்தனர்; இந்தியாவில் இது முதன்முதலாக அறியப்பட்டது அங்கேதான். அவர்களுள் இருளரும் இருந்தனர். (நீலகிரி இருளர் நம் கடற்கரை இருளரினின்று மொழியாலும் வாழ்முறையாலும் வேறுபட்டவர்கள், பெயர் ஒன்றே.) இருவரும் அப்பண்பைச் சுமக்கும் பெற்றோராயின், மெண்டலின் பட்டாணிக் கணக்குப்படி, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. சிவப்பணுக்கள் பிறையாக வளைந்து, நாளங்களில் சிக்கி, பொறுக்க முடியாத வலியைத் தரும். இதுதான் குருதி வழி வருவது. வீரம் அன்று, வலி.

இங்கேதான் மரபணுப் பொறியியலின் உண்மையான பயனும் உண்மையான அறக்கேள்வியும் தொடங்குகின்றன. படம் இரண்டையும் தொடவே இல்லை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்நோய்க்கான மரபணுத் திருத்த மருத்துவத்துக்கு ஒப்புதல் அளித்தன. நோயாளியின் எலும்பு மச்சையிலிருந்து உருவாகும் மூல உயிரணுக்களை எடுத்து, ஒரு மரபணுவில் வெட்டுப்போட்டு, அவருக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். வலியில் துடித்தவர்கள் பலர் அதனின்று விடுபட்டிருக்கிறார்கள். இதைக் கடவுளின் வேலையில் தலையிடுவது என்று சொல்லிப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குருடரைக் காணச் செய்தவரைப் பின்பற்றுவோருக்கு அப்பேச்சு பொருந்தாது. ஆனால் அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டாலர். நம் ரூபாயில் 18 கோடிக்கு மேல். கூடலூர் மலையிலிருக்கும் ஒரு குழந்தைக்கும் அந்தச் சிகிச்சைக்கும் இடையேயுள்ள தொலைவு, போதிதர்மருக்கும் அரவிந்துக்கும் இடையேயுள்ள தொலைவைவிடப் பெரிது.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008இல் வெளியிட்ட ‘திக்னித்தாஸ் பெர்சோனே’ என்னும் ஏடு இதில் தெளிவான கோடு கிழிக்கிறது. நோயைக் குணமாக்குவதற்காக ஒருவரின் உடல் அணுக்களில் செய்யப்படும் திருத்தம், அவருக்கு மிகையான தீங்கு நேராதெனில், விளக்கமறிந்த அவரது இசைவோடு செய்யப்படுமெனில், கொள்கையளவில் ஏற்கத்தக்கதே. வருங்காலத் தலைமுறைக்குக் கடத்தப்படும் திருத்தம் இன்றைய நிலையில் ஏற்கத்தக்கதன்று. நோய் தீர்க்கவன்றி மனிதரை ‘மேம்படுத்தவே’ செய்யப்படும் மாற்றமோ, சில பண்புகள் உள்ளவரை உயர்ந்தோரென்றும் இல்லாதவரைத் தாழ்ந்தோரென்றும் பிரிக்கும் மனப்போக்கை வளர்க்கும் என்று எச்சரிக்கிறது. இக்கோட்டில் வைத்துப் பார்த்தால், சுபா செய்ய முனைவது மூன்றாம் வகை. அரவிந்துக்கு நோய் ஒன்றுமில்லை. அவனை வேறொருவராக்குவதே நோக்கம். அதையும் நாட்டுப்பற்றின் பெயரால் அரங்கம் கைதட்டி வரவேற்கிறது.

இசைவைப் பற்றியும் ஒரு சொல். ஆராய்ச்சிக்காகவே அவள் தன்னோடு பழகினாள் என்று அறிந்து அரவிந்த் மனமுடைகிறான். படத்தில் மிக முக்கியமான அறக்கேள்வி அந்த நிமிடத்தில் கதவைத் தட்டுகிறது: ஒரு மனிதரின் உடலை, அவரறியாமல், அறிவின் பொருட்டு ஆராயலாமா? இயக்குநரோ அதைக் காதல் தோல்வியாக்கி ஒரு பாடலில் கரைத்துவிட்டார். 2018இல் சீனத்து ஆய்வாளர் ஹீ ஜியான்குயி, கருநிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தபோது உலகம் திடுக்கிட்டது. அடுத்த ஆண்டு அந்நாட்டு நீதிமன்றமே அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அந்தக் குழந்தைகளிடம் இசைவு கேட்டவர் எவருமில்லை, கேட்கவும் இயலாது. படம் அஞ்சச் சொன்ன ஆபத்து சீனத்திலிருந்து ஊசியோடு வரும் வில்லன். மெய்யான ஆபத்து நன்மை செய்வதாக நம்பிய ஓர் ஆய்வாளரின் ஆய்வகத்திலிருந்து வந்தது.

கொள்ளை நோயைப் பற்றியும் படம் பேசுகிறது. ஒரு வீரனின் விழிப்பில் அது தீர்கிறது. மெய்யான கொள்ளை நோய் வந்த 2021 கோடையில் செங்கல்பட்டார் கண்டது வேறு. நகரையொட்டிய திருமணியில் சுமார் 100 ஏக்கரில், எச்.எல்.எல். பயோடெக் என்னும் பொதுத்துறை நிறுவனத்துக்காக எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம், கட்டடங்களும் கருவிகளும் இருந்தும் உற்பத்தியின்றிக் கிடந்தது. மே மாதம் 25ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து பார்வையிட்டார். தடுப்பூசிக்காக மக்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற நாள்கள் அவை. உயிரித்தொழில்நுட்பத்தில் நமக்குக் குறைவாக இருந்தது பல்லவ இரத்தமா? பணமும் முடிவும் பொறுப்பும் அல்லவா? இந்தக் கதையைப் படமாக்க எவரும் முன்வராதது வியப்பன்று. அதில் சண்டைக் காட்சி வைக்க இடமில்லை.

மீண்டும் வடநெம்மேலிக்கே வருகிறேன். ஏனெனில் இந்தக் கடற்கரையில் மரபணு அறிவியல் நம் அண்டை வீட்டாரின் அடுப்பைத் தொடப்போவது அங்கேதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58,000 உயிர்கள். பெரும்பாலோர் வயலில் கால்வைக்கும் ஏழைகள். குதிரைக் குருதியிலிருந்து எடுக்கும் மருந்து பலரைக் காத்தாலும், சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், நம் கடற்கரை நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வேறு மாநிலங்களில் முழுப் பயன் தருவதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தார் காட்டியுள்ளனர். 2020இல் நல்லபாம்பின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. 139 நச்சு மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. 2024இல் அதே பெங்களூர் ஆய்வாளர்கள், அமெரிக்கரோடு இணைந்து, நரம்பைத் தாக்கும் ஒருவகை நச்சை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருளை உருவாக்கினர். 2025 தொடக்கத்தில், டேவிட் பேக்கரின் குழுவினர் கணினியில் வடிவமைத்த புரதங்களால் அதே வகை நச்சுகளைத் தடுத்துக் காட்டினார்கள். இவையெல்லாம் இன்னும் எலிகளைத் தாண்டி மருத்துவமனைக்கு வரவில்லை. ஆயினும் பாதை தெரிகிறது: குதிரையும் வேண்டாம், ஒருநாள் பாம்பும் வேண்டாம் என்ற நிலை வரக்கூடும்.

வரட்டும். ஒரு வயல் கூலிப் பெண்ணின் உயிர் அதனால் காக்கப்படுமெனில், மண்பானைகள் காலியாகக் கிடப்பதை எவரும் குறை சொல்ல மாட்டார். அந்த முதியவரும் சொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். அதற்குள் கேட்டாக வேண்டியது வேறு. நஞ்சு என்றால் என்ன, எந்தப் பாம்பில் எவ்வளவு என்று நம் நாட்டு ஆய்வகங்கள் கற்றதில் பெரும்பங்கு இருளர் கைகள் கறந்து கொடுத்தவற்றிலிருந்து கற்றவை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், உயிர்வளத்தையும் அதைப் பற்றிய மரபறிவையும் பயன்படுத்திப் பெறும் ஆதாயத்தில் அம்மக்களுக்குப் பங்கு உண்டு என்கிறது. முன்மாதிரியும் தொலைவில் இல்லை. அகத்திய மலையின் கேரளப் பக்கத்தில் காணிக்காரர் காட்டிய ஆரோக்கியப் பச்சை என்னும் செடியிலிருந்து உருவான மருந்துக்குக் கிடைத்த உரிமத் தொகையில் பாதி, 1990களில் அவர்களுக்கென அமைந்த அறக்கட்டளைக்கே ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. ஆனாலும் ஏற்பாடு என்று ஒன்று இருந்தது. நாளைய செயற்கை நஞ்சுமுறிக்கு அப்படியோர் ஏற்பாட்டைப் பேசவேண்டிய நேரம், பானைகள் காலியாவதற்கு முன்பே.

வடநெம்மேலியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் நஞ்சுமுறி மருந்தின் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். எந்தெந்தப் பாம்புகளின் நஞ்சை அது முறிக்கும் என்று நான்கு பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பாம்புகளைப் பிடித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.